முதல் பணம், முதல் வாடிக்கையாளர், இரண்டாவது வாய்ப்பு: சிங்கப்பூர் தன் புத்தொழில்களைத் தாங்கும் விதம்

"ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், அரசாங்கம் பணம் ஏதும் கொடுக்குமா?" புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் ஓர் அரசு புத்தொழில் நிறுவனத்துக்குச் செய்யக்கூடிய உதவிகளில் பணம் ஒரு பகுதி மட்டுமே. மீதி என்னென்ன, பணத்தையே எப்படிக் கொடுத்தால் வீணாகாது என்பதை விளங்கிக்கொள்ள, தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் சிங்கப்பூரின் அனுபவம் நமக்கு உதவும். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தத் தீவு இந்த விஷயத்தில் பல வழிகளைச் செய்து பார்த்திருக்கிறது. சிலவற்றை மாற்றியிருக்கிறது, சிலவற்றைக் கைவிட்டிருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீவில் தொழில் தொடங்கினால் என்ன சிக்கல்?

சிங்கப்பூரின் பரப்பளவு சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு சென்னை கூட வராது. மக்கள்தொகை சுமார் 60 லட்சம்.

இந்த எண்ணிக்கைதான் முதல் சிக்கல். பெரிய நாட்டில் ஒருவர் ஒரு செயலியை உருவாக்கினால், சொந்த மாநிலத்தில் ஓடினாலே கோடிக்கணக்கான வாடிக்கையாளர் கிடைக்க வாய்ப்பு உண்டு. சிங்கப்பூரில் ஒரு வீடு விடாமல் எல்லோரும் அதைப் பயன்படுத்தினாலும் 60 லட்சத்தோடு நின்றுவிடும். ஆகவே அங்கே தொடங்கும் நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே இந்தோனேசியா, மலேசியா, வியட்நாம் என்று வெளியே பார்க்க வேண்டும். வெளியே போக வேண்டுமானால் அந்த ஊர் மொழி, சட்டம், உரிமம், ஆள் எல்லாம் வேண்டும். வருமானம் வருவதற்கு முன்பே செலவு வந்து நிற்கும்.

இரண்டாவது சிக்கல் சம்பளம். அரசு வேலை, வங்கி, பன்னாட்டு நிறுவனம் என்று நல்ல சம்பளத்துக்கு அங்கே குறைவில்லை. "மாசம் பொறந்தா சம்பளம் வருது, இதை விட்டுட்டு எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டில் கேட்பார்கள். வாய்ப்பு அதிகமுள்ள ஊரில்தான் வேலையை விடுவது அதிக நஷ்டமாகத் தெரியும்.

மூன்றாவது, கடன். வங்கி கடன் தரும்போது அடமானம் கேட்கும். மென்பொருள் நிறுவனத்திடம் நிலமும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. இரண்டு மடிக்கணினியும் ஒரு யோசனையும் இருக்கும். அதை எந்த வங்கியும் அடமானமாக எடுத்துக்கொள்ளாது.

ஆக, தீவில் தொழில் தொடங்குகிறவருக்கு மூன்று தேவைகள். முதல் பணம் வேண்டும். "நீ செய்தது சரியா இருக்கு" என்று நம்பி வாங்கும் முதல் வாடிக்கையாளர் வேண்டும். தோற்றால் மறுபடி எழுந்து நிற்க ஒரு வழி வேண்டும். அரசு செய்வது இந்த மூன்றில் எதைத் தீர்க்கிறது என்று பார்த்தால் திட்டங்களின் நோக்கம் பிடிபடும்.

1999: பணத்தில் தொடங்கிய கதை

சிங்கப்பூருக்குத் தொழில்நுட்பத்தில் ஒரு முன்னோடி ஏற்கெனவே இருந்தார். சிம் வோங் ஹூ 1981-ல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. கணினியில் பாட்டும் பேச்சும் கேட்க உலகம் முழுவதும் அதை வாங்கினார்கள். 1992-ல் அந்த நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. இப்படி ஒருவர் வந்தது சரி, இன்னும் நூறு பேர் வர என்ன செய்வது?

அதற்காக 1999-ல் 'டெக்னோபிரனர்ஷிப் 21' என்ற திட்டம் வந்தது. அப்போதைய துணைப் பிரதமர் டோனி டான் தலைமையில் அமைச்சர் குழு, 100 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டு நிதி என்று பெரிய அளவில் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே உலகம் முழுவதும் டாட்காம் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. நிதியை ஒதுக்கிவிட்டால் மட்டும் தொழில்முனைவோர் முளைத்துவிட மாட்டார்கள் என்பது விளங்கிய காலம் அது.

அதே 1999-ல் சிம் வோங் ஹூ தன் புத்தகத்தில் ஒரு கருத்தைச் சொன்னார். சில நாடுகளில் 'யு-டர்ன் கூடாது' என்று பலகை வைத்திருந்தால்தான் திரும்பக் கூடாது. சிங்கப்பூரிலோ 'யு-டர்ன் போடலாம்' என்று பலகை இருந்தால்தான் திரும்பலாம். பலகை இல்லாத இடத்தில் திரும்பத் தயங்கும் இந்த மனப்பான்மைக்கு 'நோ யு-டர்ன்' நோய்க்குறி என்று பெயர் வைத்தார். புதிய தொழில் என்பது விதி எழுதப்படாத இடத்தில்தான் பிறக்கும். அனுமதி வரட்டும் என்று காத்திருந்தால் அது பிறக்காது. இந்தப் பேச்சு அரசு வட்டாரத்திலும் நன்றாகவே எடுபட்டது.

பதிவு, இடம், வரி: சின்ன விஷயங்கள், பெரிய வித்தியாசம்

முதலில் தடைகளைக் குறைத்தார்கள். இன்று சிங்கப்பூரில் கம்பெனி பதிவு முழுக்க இணையத்தில்தான். கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் 'பிஸ்ஃபைல்' தளத்தில் பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி கட்ட வேண்டும். (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வார்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.) பங்கு மூலதனம் 1 வெள்ளி இருந்தாலே போதும். ஆனால் இயக்குநர்களில் ஒருவராவது சிங்கப்பூரில் வசிப்பவராக இருக்க வேண்டும், 6 மாதத்துக்குள் நிறுவனச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

அடுத்தது இடம். சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். 'வீவக' வீடு என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். குடியிருக்கும் வீட்டை அலுவலகமாகப் பயன்படுத்த முன்பு தடை இருந்தது. 2003-ல் வந்த வீட்டு அலுவலகத் திட்டம் அதைத் தளர்த்தியது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது, வெளியாட்கள் நிறைய பேரை வேலைக்கு வைக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் உண்டு. வாடகை அதிகமுள்ள ஊரில் இந்த ஒரு அனுமதி பல மாத வாடகையை மிச்சப்படுத்திக் கொடுத்தது.

வரியிலும் சலுகை உண்டு. புதிய நிறுவனத்துக்கு முதல் 3 ஆண்டு மதிப்பீட்டில், வரிக்குரிய வருமானத்தின் முதல் 1,00,000 வெள்ளியில் 75 விழுக்காட்டுக்கும், அடுத்த 1,00,000 வெள்ளியில் 50 விழுக்காட்டுக்கும் விலக்கு. அதாவது 2,00,000 வெள்ளி லாபம் பார்த்த நிறுவனத்துக்கு 75,000 வெள்ளி மட்டுமே வரிக்கு வரும். 17 விழுக்காடு விகிதத்தில் வரி 12,750 வெள்ளி. பங்குதாரர்கள் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சொத்து மேம்பாட்டு நிறுவனங்களுக்கும், முதலீட்டை வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களுக்கும் இது கிடையாது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரி விலக்கு லாபம் வந்தவருக்குத்தான் உதவும். தொழில்நுட்ப நிறுவனங்கள் பல முதல் 3 ஆண்டில் லாபத்தையே பார்ப்பதில்லை. அவர்களுக்கு இந்தச் சலுகை ஏட்டுச் சுரைக்காய்தான். விளம்பரத்தில் 'வரிச் சலுகை' என்று பெரிதாகப் போட்டிருந்தால், 'அது எனக்கு எப்போ பயன்படும்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் எப்படிக் கொடுக்கிறார்கள்?

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். சிங்கப்பூர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதிக்கு அடிப்படை இந்தப் பழமொழிதான். நீ கொஞ்சம் போடு, நான் கொஞ்சம் போடுகிறேன் என்பதே விதி.

2017-ல் பல திட்டங்களை 'ஸ்டார்ட்அப் எஸ்ஜி' என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு எந்த உதவி எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று தேடவே தனி உழைப்பு வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் 'ஸ்பிரிங்', 'ஐஇ சிங்கப்பூர்' என்ற இரண்டு அமைப்புகள் இணைந்து 'என்டர்பிரைஸ் சிங்கப்பூர்' ஆனது. திட்டங்களில் முக்கியமான மூன்றைப் பார்ப்போம்.

ஒன்று, நிறுவனர் மானியம். முதல்முறை தொழில் தொடங்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. 2020-ல் இதை 50,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். தொடங்குகிறவர் தன் பங்காக 10,000 வெள்ளி போட வேண்டும். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி அமைப்பு ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்க வேண்டும். பணம் மொத்தமாக வராது, செய்வதாகச் சொன்ன வேலையை முடிக்க முடிக்கத் தவணையாக வரும்.

இந்தப் பணம் எவ்வளவு நாள் தாங்கும்? இரண்டையும் சேர்த்தால் 60,000 வெள்ளி. மாதம் 5,000 வெள்ளி சம்பளத்தில் ஒரே ஒரு பொறியாளரை வைத்தாலும் 12 மாதத்தில் தீர்ந்துவிடும். மத்திய சேம நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்தால் அதற்கும் முன்பே தீரும். இதில் தொடங்கியவருக்குச் சம்பளமே இல்லை. அதனால் இந்த மானியத்தை வாழ்க்கைச் செலவுக்கு நம்பி வேலையை விட முடியாது. ஒரு யோசனை நிற்குமா, நிற்காதா என்று சோதித்துப் பார்க்க மட்டும் போதும். அதன் நோக்கமும் அவ்வளவுதான்.

இரண்டு, தொழில்நுட்ப மானியம். சொந்தமாகக் கண்டுபிடித்த தொழில்நுட்பம் வேலை செய்யும் என்று நிரூபிக்க ஒரு தொகை, அது சந்தையில் நிற்கும் என்று நிரூபிக்க இன்னொரு தொகை. 2017-ல் தொடங்கியபோது முதலாவதற்கு 2,50,000 வெள்ளி வரை, இரண்டாவதற்கு 5,00,000 வெள்ளி வரை என்று வைத்தார்கள். நிறுவனத்தில் உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும்.

மூன்று, கூட்டு முதலீடு. இது மானியம் இல்லை. அரசு பங்குதாரராகவே உள்ளே வருகிறது. ஆனால் தனியாக வராது. தனியார் முதலீட்டாளர் ஒருவர் தன் பணத்தைப் போட்டால்தான் அரசும் போடும். ஆரம்பக் கட்டத்தில் தனியார் 3 பங்கு, அரசு 7 பங்கு. தொகை பெரிதானதும் சரிபாதி. எந்த நிறுவனம் தேறும் என்று அரசு அதிகாரி தானே முடிவு செய்வதைவிட, சொந்தப் பணத்தைப் போடும் ஒருவர் முடிவு செய்யட்டும் என்பது இதன் தர்க்கம். தன் காசு போகும் என்றால் யாரும் நாலு முறை யோசித்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள், இல்லையா?

லாபம் தனியாருக்கு, நஷ்டம் அரசுக்கா?

இங்கே ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. தேசிய ஆய்வு அறநிறுவனம் 2008-ல் தொடங்கிய திட்டங்களின்கீழ், தொழில் வளர்காப்பகங்களுக்கான திட்டம் ஒன்று வந்தது. இஸ்ரேல் நாட்டு முறையைப் பார்த்து அமைத்தது. நிறுவனம் ஒன்றில் போடும் 100 வெள்ளியில் அரசு 85 வெள்ளி வரை, வளர்காப்பகம் 15 வெள்ளி. அரசின் உச்சவரம்பு 5,00,000 வெள்ளி. நிறுவனம் நன்றாக வளர்ந்தால், அரசின் பங்கை வளர்காப்பகம் 3 ஆண்டுக்குள் அசலும் வட்டியும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

சாதாரண குடிமகன் இதைக் கேட்டால் என்ன சொல்வார்? "ஜெயிச்சா அவங்க எடுத்துக்குவாங்க, தோத்தா நம்ம வரிப்பணமா?" என்றுதான் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான் இது.

அரசுத் தரப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. பங்கு விலை ஏறி லாபம் பார்ப்பது அரசின் முதல் நோக்கம் இல்லை. நிறுவனம் நிலைத்தால் வேலைவாய்ப்பு, வருமான வரி, நிறுவன வரி என்று பணம் வேறு வழியில் வந்து சேரும். அதைவிட முக்கியமாக, ஆரம்பக் கட்டத்தில் பணம் போடத் தனியார் தயங்கிய ஊரில் அவர்களை உள்ளே இழுக்க ஏதாவது ஓர் ஈர்ப்பு வேண்டியிருந்தது. பிறகு வந்த கூட்டு முதலீட்டில் அரசின் பங்கு 85-லிருந்து 70-க்கும், அடுத்த கட்டத்தில் சரிபாதிக்கும் இறங்கியது. நாற்று வேர் பிடிக்கும் வரை நிழல், பிறகு வெயில் என்பதுபோல.

இது எல்லா நேரமும் சரியாக நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மானியம் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் மானியத்துக்காகவே நிறுவனம் நடத்துகிறவர்களும் வருவார்கள். வாடிக்கையாளரைத் தேடும் நேரத்தில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார்கள். சொந்தப் பணமும் போட வேண்டும், தவணையாகத்தான் வரும் என்ற விதிகளெல்லாம் இவர்களை வடிகட்டத்தான்.

புளோக் 71: இடிக்க இருந்த கட்டடம்

ஆயர் ராஜா கிரசென்ட் என்ற தெருவில், 1970-களில் தொழிற்கூடங்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் கட்டடம் புளோக் 71. பழசாகிப்போனதால் இடிப்பதாக இருந்தது. 2011-ல் அதைப் புத்தொழில்களுக்குத் திறந்துவிட்டார்கள். தொழிற்பேட்டைகளை நிர்வகிக்கும் ஜேடிசி கழகம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், ஊடக மேம்பாட்டு ஆணையம், சிங்டெல் நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவு எல்லாம் இதில் சேர்ந்தன.

பளபளப்பான கோபுரம் எதுவும் கட்டவில்லை. வாடகை குறைவு, அவ்வளவுதான். ஆனால் ஒரே கூரையின்கீழ் நிறுவனம் நடத்துகிறவர், முதலீடு செய்கிறவர், வழிகாட்டுகிறவர் எல்லோரும் இருந்ததால், சந்திப்புக்கு நேரம் கேட்டு அலைய வேண்டிய தேவை குறைந்தது. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே முதலீட்டாளரைப் பார்த்துவிடலாம். பிறகு பக்கத்துக் கட்டடங்களும் சேர்ந்து அந்த வட்டாரமே 'ஜேடிசி லாஞ்ச்பேட்' ஆனது.

ஆளைத் தயார் செய்வதும் பல்கலைக்கழகத்தின் பங்காக இருந்தது. தேசியப் பல்கலைக்கழகம் 2000-களின் தொடக்கத்திலேயே மாணவர்களை சிலிக்கான் வேலிக்கு அனுப்பி, அங்குள்ள புதிய நிறுவனங்களில் வேலை பார்க்கவும் படிக்கவும் வைத்தது. இப்படிப் போய்வந்த நண்பர்கள் சேர்ந்து 2012-ல் தொடங்கியதுதான் 'கரோசெல்'. வீட்டில் சும்மா கிடக்கும் பொருளைப் படம் எடுத்துப் போட்டு விற்கும் செயலி. இன்று சிங்கப்பூரைத் தாண்டி மற்ற நாடுகளிலும் ஓடுகிறது. மாணவப் பருவத்தில் பார்த்துவந்த ஒரு சூழல், பிற்பாடு வேலையா தொழிலா என்று முடிவெடுக்கும் நேரத்தில் துணிச்சல் கொடுக்கும்.

முதல் வாடிக்கையாளர் யார்?

புத்தொழில் நிறுவனம் ஒன்று பெரிய வங்கியிடமோ மருத்துவமனையிடமோ மென்பொருளை விற்கப் போனால் வரும் முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி யாருக்குக் கொடுத்திருக்கீங்க?" என்பதுதான். யாருக்கும் கொடுக்காதவருக்கு யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். ஆர்டர் இல்லாமல் அனுபவம் வராது. சின்னச் சந்தையில் இந்தச் சிக்கல் இன்னும் இறுக்கமானது.

இதை அவிழ்க்க 2014-ல் ஓர் அங்கீகாரத் திட்டம் வந்தது. இப்போது அதைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. இளம் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொருள் சொன்னபடி வேலை செய்கிறதா, நிதிநிலை எப்படி, தொடர்ந்து சேவை தர ஆள் இருக்கிறார்களா என்று ஆணையமே சோதித்துச் சான்று கொடுக்கிறது. அந்தச் சான்றை நம்பி அரசுத் துறைகள் அவர்களிடம் வாங்கலாம். ஓர் அரசுத் துறை வாங்கிவிட்டால், அதைக் காட்டி ஜகார்த்தாவிலும் மணிலாவிலும் விற்கலாம்.

மானியம் செலவாகிவிடும். ஆர்டர் அப்படியில்லை. அது வருமானமாகவும் நற்சான்றாகவும் நிற்கும். பொதுமக்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. கொடுத்த பணத்துக்கு ஒரு சேவை கைக்கு வருகிறது. புத்தொழில் ஆதரவு என்றாலே மானியம் என்று நினைக்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய இடம் இது.

பணப் பரிமாற்றம், காப்பீடு போன்ற துறைகளில் உரிமம் இல்லாமல் ஒரு வாடிக்கையாளரைக் கூடச் சேர்க்க முடியாது. அதற்காக சிங்கப்பூர் நாணய ஆணையம் 2016-ல் ஒரு சோதனைக் களத்தைத் திறந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட அளவு வாடிக்கையாளர்களுடன், சில விதிகளைத் தளர்த்தி நிறுவனம் தன் சேவையை நடத்திப் பார்க்கலாம். காப்பீட்டுத் துறையில் இயங்கும் 'பாலிசிபால்' இந்தக் களத்தில் தேர்ந்து 2017-ல் வெளியே வந்தது. 2019-ல் இன்னும் விரைவாக, 21 நாளில் முடிவு சொல்லும் வழியும் சேர்ந்தது. வாடிக்கையாளரின் பணத்தைக் கையாளும் முறை, தகவல் ரகசியம், கறுப்புப் பணத் தடுப்பு ஆகியவற்றில் மட்டும் தளர்வு கிடையாது.

தோற்றால் என்ன ஆகும்?

புத்தொழில்களில் தோற்பவைதான் அதிகம். எனவே தோற்றவரை எப்படி நடத்துகிறோம் என்பதும் ஆதரவின் ஒரு பகுதி. தனியார் வரையறு நிறுவனமாகப் பதிவு செய்தால், நிறுவனத்தின் கடன் பொதுவாக நிறுவனத்தோடு நிற்கும், வீட்டுச் சொத்துக்கு வராது. ஆனால் வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நிறைய பேர் கவனிக்காமல் கையெழுத்துப் போடும் இடம் இதுதான்.

திவால் சட்டத்தையும் படிப்படியாகத் தளர்த்தினார்கள். இப்போது 15,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்காக ஒருவரைத் திவாலாக்க மனுப் போட முடியாது. 2016-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், முதல்முறை திவாலானவர் எப்போது விடுபடலாம் என்பதற்குத் தெளிவான பாதை வகுத்தது. 2021 ஜனவரியில் சிறு நிறுவனங்களைக் குறைந்த செலவில் மூடவோ சீரமைக்கவோ எளிய நடைமுறை தொடங்கியது. தோற்றவர் ஆயுள் முழுக்கக் கடனாளியாகவே இருந்தால், பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த பத்துப் பேர் முயற்சியே செய்ய மாட்டார்கள்.

நிறுவனருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுப்பது ஒரு பக்கம். வாடிக்கையாளரின் பணம் இன்னொரு பக்கம். 'ஓபைக்' என்ற வாடகை மிதிவண்டி நிறுவனம் 2017-ல் சிங்கப்பூரில் சேவை தொடங்கியது. பயனாளர்களிடம் 49 வெள்ளி முன்பணம் வாங்கியது. வண்டிகள் நடைபாதையெங்கும் கிடந்ததால் 2018-ல் உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூனில் நிறுவனம் சேவையை நிறுத்திவிட்டது. முன்பணம் கட்டியவர்கள் திரும்பக் கேட்டு அலைந்தார்கள். ஒருவருக்கு 49 வெள்ளி சின்னத் தொகைதான். ஆனால் புதிய நிறுவனங்கள் எல்லாவற்றின் மீதும் இருந்த நம்பிக்கை அதோடு சேர்ந்து ஆட்டம் கண்டது. புத்தொழிலை ஆதரிக்கும் அரசு, வாடிக்கையாளரின் முன்பணம் எங்கே இருக்கிறது என்பதையும் முதல் நாளிலிருந்தே கேட்க வேண்டும்.

நம் ஊரிலிருந்து போக நினைப்பவர்களுக்கு

'சிங்கப்பூர்ல கம்பெனி பதிவு பண்ணுங்க, அரசாங்கமே 50,000 வெள்ளி கொடுக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நிறுவனர் மானியம் அங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தொழில்நுட்ப மானியத்துக்கு உள்ளூர்ப் பங்கு வேண்டும். வெளிநாட்டவருக்கு உரிய வழி 'என்ட்ரிபாஸ்' என்ற அனுமதி. 2017-ல் அதற்கான 50,000 வெள்ளி மூலதன நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். பதிலாக, அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளரின் பணமோ, வளர்காப்பகத்தின் ஆதரவோ, சொந்தக் காப்புரிமையோ போன்ற தகுதியைக் காட்ட வேண்டும். உணவங்காடிக் கடை, மசாஜ் நிலையம், ஆள் சேர்ப்பு முகவை போன்ற தொழில்களுக்கு இது கிடைக்காது. புதுப்பிக்கும்போது, தொழிலுக்குச் செய்த செலவையும் உள்ளூர் ஆட்களுக்குக் கொடுத்த வேலையையும் கணக்குக் காட்ட வேண்டும்.

காசு கொடுத்து உள்ளூர் இயக்குநர் ஒருவரை ஏற்பாடு செய்து கம்பெனியை மட்டும் பதிவு செய்யலாம். ஆனால் கம்பெனி இருப்பதாலேயே அங்கே தங்க உரிமை வந்துவிடாது. இந்தியாவில் வசிப்பவர் தன் பணத்தை வெளிநாட்டில் முதலீடு செய்ய ரிசர்வ் வங்கி விதிகள் உண்டு. ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் உச்சவரம்பு, அதையும் வங்கி வழியாக, உரிய படிவத்தோடுதான் அனுப்ப வேண்டும். தரகரிடம் பணம் கொடுக்கும் முன் வங்கியிலும் ஒரு பட்டயக் கணக்காளரிடமும் கேட்டுவிடுங்கள்.

எந்த ஊர்த் திட்டமானாலும் கேட்க வேண்டியவை

சிங்கப்பூரின் பட்டியலைப் பார்த்தால் திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், தொகையும் மாறும். விண்ணப்பிக்கும் முன் அதிகாரபூர்வத் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்ப்பதுதான் முறை. ஆனால் ஒரு திட்டம் நிஜமாகவே உதவுமா என்று அறிய நான்கு கேள்விகள் எப்போதும் பொருந்தும்.

அரசோடு சேர்ந்து வேறு யார் இதில் சொந்தப் பணம் போடுகிறார்கள்? இந்த உதவியால் எனக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைப்பாரா, அல்லது செலவுக்குப் பணம் மட்டும்தானா? பணம் தீரும் நாளில் என் கையில் காட்ட என்ன இருக்கும்? தோற்றுப்போனால் என் வீட்டுக்கும் என்னை நம்பி முன்பணம் கட்டியவர்களுக்கும் என்ன ஆகும்?

நான்குக்கும் தெளிவான பதில் இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை என்றால், முதலில் அதற்கு ஒரு பதிலைத் தேடிவிட்டு, வேலையை விடும் கடிதத்தைப் பிறகு எழுதுங்கள்.